ஒரே பக்கத்தில் 31 முறை மாங்கன்று

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், சந்தூரில் மாங்கன்றுப் பண்ணை நடத்தும் ஒருவர் என்னை அலைபேசியில் அழைத்து, தம்முடைய வலைத்தளத்தைப் படித்துப் பார்த்து என்ன குறை என்று சொல்ல முடியுமா எனக் கேட்டார். போச்சம்பள்ளிப் பக்கம் உள்ள அந்த ஊரை எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒட்டுக் கட்டுவதற்கே பெயர் பெற்ற ஊர் அது, அங்கே லாரி ஏறும் மாங்கன்றுகள் மாநில எல்லை தாண்டியும் போகின்றன. அவருடைய தந்தை காலத்திலிருந்தே பண்ணை இருக்கிறது; வாங்கிப் போனவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் வேறொருவருக்குச் சொல்ல, அப்படியே வியாபாரம் நடந்து வந்திருக்கிறது. மகளின் வற்புறுத்தலால் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் பணம் கொடுத்து வலைத்தளம் செய்திருக்கிறார். இரண்டு ஆண்டுகள் ஆகியும் "கூகுளில் பார்த்தேன்" என்று சொல்லி ஒருவர்கூட அழைக்கவில்லை என்பது அவருடைய மனக்குறை.

பக்கத்தைத் திறந்தவுடன் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. முதல் பத்தி இப்படித் தொடங்கியது: "கிருஷ்ணகிரி மாங்கன்று விலை தேடுகிறீர்களா? சிறந்த கிருஷ்ணகிரி மாங்கன்று விலை எங்களிடம் மட்டுமே. குறைந்த கிருஷ்ணகிரி மாங்கன்று விலை வேண்டுமெனில் கிருஷ்ணகிரி மாங்கன்று நர்சரியான எங்களை அணுகவும்." கிட்டத்தட்ட 400 சொற்கள் கொண்ட அந்தப் பக்கத்தில் மாங்கன்று என்ற சொல் 31 இடங்களில் வந்தது. விலை என்ற சொல் 19 இடங்களில் வந்தது. ஆனால் ஒரு கன்று என்ன விலை என்பது ஓரிடத்திலும் இல்லை. எந்த ரகம் கிடைக்கும், எத்தனை மாதக் கன்று, எப்படி ஒட்டுக் கட்டியது, எதுவும் இல்லை.

மறு வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து பேருந்து ஏறிச் சந்தூருக்குப் போனேன். பச்சை நிழல்வலைக்குக் கீழே, கறுப்புப் பாலித்தீன் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக நின்ற இடத்தில் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்தோம். என் அலைபேசியை அவரிடம் கொடுத்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள்" என்றேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரியில் குரல் தடுமாறியது. ஐந்தாவது வரியில் நிறுத்திவிட்டு, "ஏம்மா, இதுல நம்ம கன்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலயே" என்றார். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கம் அவருடைய பெயரில் இணையத்தில் இருக்கிறது. அன்றுதான் அவர் அதை முதன்முதலாகப் படித்தார்.

தேடுபொறியில் ஒரு பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்காக, மக்கள் தேடக்கூடிய சொல்லை அளவுக்கு மீறித் திணிப்பதற்கு, வலைத்தளங்களுக்கு எழுதும் எங்கள் தொழிலில் கீவேர்டு ஸ்டஃபிங் என்று பெயர். நான் இந்தக் கட்டுரையில் கீவேர்டைத் தேடுசொல் என்றே எழுதுகிறேன். இந்த வேலையை நான் தொடங்கிய காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். நூறு சொற்களுக்கு மூன்று முறை வர வேண்டும் என்று கொடுக்கப்பட்ட தாளை அருகில் வைத்துக்கொண்டு, எழுதி முடித்த நல்ல வாக்கியங்களை உடைத்து, அந்தச் சொல்லை உள்ளே சொருகியிருக்கிறேன். அந்தப் பக்கங்களில் சில இன்னமும் இணையத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்து ஏமாந்தவர்களை நினைத்து வருந்துகிறேன். ஆகையால் அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் நம்பிய கணக்கு எங்கிருந்து வந்தது, ஏன் அது இப்போது பொருந்தாது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதை வைத்து ஒரு கட்டுரை எதைப் பற்றியது என்று இயந்திரம் ஊகிக்கலாம் என்ற எண்ணம் கூகுளைவிட மிகப் பழையது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1950-களின் இறுதியிலேயே இதை எழுதிவிட்டார். அவரும்கூட அதிகமாக வரும் சொல்லே முக்கியமான சொல் என்று சொல்லவில்லை. மிக அதிகமாக வருபவற்றையும் மிக அரிதாக வருபவற்றையும் தள்ளிவிட்டு, நடுவில் நிற்பவற்றையே பொருள் தரும் சொற்களாகக் கொண்டார். 1972-இல் பிரிட்டனின் கணினி ஆய்வாளர் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் இன்னொரு படி மேலே போய், எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்று காட்டினார். இதைச் சந்தூருக்குப் பொருத்திப் பாருங்கள். மாங்கன்று விற்கும் எல்லாப் பக்கங்களிலும் மாங்கன்று என்ற சொல் இருக்கும். இளந்தண்டில் ஒட்டுக் கட்டும் முறையைக் குறிக்கும் மென்தண்டு ஒட்டு என்ற சொல் எத்தனை பக்கங்களில் இருக்கும்?

1994-இல் லண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் கொடுத்த பிஎம்25 என்ற சூத்திரம் இன்றும் பல தேடல் மென்பொருள்களுக்கு அடிப்படையாக இருக்கிறது. ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்போது அதன் பயன் எவ்வளவு விரைவில் வற்றிப்போகிறது என்பதை அந்தச் சூத்திரத்தில் நேரடியாகவே காணலாம். அதில் வழக்கமாக வைக்கும் 1.2 என்ற அளவை வைத்து, சராசரி நீளமுள்ள பக்கம் ஒன்றுக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொல் ஒரு முறை வந்தால் கிடைக்கும் மதிப்பை 1 என்று கொண்டால், இரண்டு முறை வரும்போது ஏறத்தாழ 1.4 ஆகிறது, பத்து முறை வரும்போது 1.96, முப்பது முறை வரும்போது 2.1. ஆயிரம் முறை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. பத்தாவது முறைக்கும் முப்பதாவது முறைக்கும் இடையில் எழுதிய இருபது மாங்கன்றுகளும் சேர்ந்து பெற்றுத் தந்தது அந்தச் சிறு வேறுபாடுதான். கூகுள் தன் கணக்கு முழுவதையும் வெளியிடுவதில்லை; ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சூத்திரமே இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கிறது என்பதை எங்கள் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் தலைப்பகுதியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் தேடுசொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் வரியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இல் வெளிப்படையாகவே அறிவித்தது. கூகுளின் தரவரிசைக் கணக்கில் 2011-இல் வந்த பாண்டா மாற்றம் சத்தற்ற பக்கங்களையும், 2012-இல் வந்த பெங்குவின் மாற்றம் குறுக்கு வழிகளையும் கீழே தள்ளின. 2013-இல் ஹம்மிங்பேர்டு வந்தபோது தனித்தனிச் சொல்லைவிட முழுக் கேள்வியின் பொருளைப் பார்க்கத் தொடங்கினார்கள். சொல்லைச் சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் பெர்ட் 2019-இல் ஆங்கிலத்துக்கும், அதே ஆண்டின் இறுதியில் 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கும் வந்தது. இன்று கூகுளின் ஸ்பேம் விதிகளில் தேடுசொல் திணிப்பு பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. இயல்புக்கு மாறாக ஒரே தொடரைத் திரும்பச் சொல்வதும், ஊர்ப் பெயர்களைக் கட்டுக்கட்டாக அடுக்குவதும், பயனில்லாமல் தொலைபேசி எண்களை நிரப்புவதும் அங்கே எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன. இத்தனை விழுக்காடு வரலாம் என்று எந்த அளவையும் அவர்கள் நிர்ணயிக்கவில்லை. என்னிடம் கொடுக்கப்பட்ட தாளில் இருந்த மூன்று விழுக்காட்டை யாரோ ஒருவர் சொல்ல, மற்றவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதிக் காணவில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தேடுகிறவர் அவசரத்தில் "கிருஷ்ணகிரி மாங்கன்று விலை" என்று மூன்று பெயர்ச்சொற்களை அப்படியே தட்டுகிறார். அந்தக் காலத்தில் தந்தி கொடுத்தவர்கள் காசை மிச்சப்படுத்தச் சொல்லைச் சுருக்கியதைப் போன்றது அது. தேடும் பெட்டிக்குள் அது சரி. ஆனால் அதே மூன்று சொற்களும் ஒரு தமிழ் வாக்கியத்துக்குள் வரும்போது அவற்றுக்கு உருபு வேண்டும். கிருஷ்ணகிரியில், கிருஷ்ணகிரிக்கு, மாங்கன்றை, மாங்கன்றுக்கு, மாங்கன்றின், மாங்கன்றுகளோடு, விலையை, விலைக்கு, விலையில். மாங்கன்று விலை என்று இரண்டு சொல்லைச் சேர்த்துத் தொகையாக எழுத இலக்கணம் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் மூன்றையும் எழுத்துப் பிசகாமல் ஒரே வரிசையில் வைக்க வேண்டும், இடையில் எதுவும் வரக்கூடாது என்று கட்டளையிட்டால், உருபுகள் உதிர்ந்துபோகின்றன. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று தெரியாமல் வாக்கியம் முடமாகிவிடுகிறது. "குறைந்த கிருஷ்ணகிரி மாங்கன்று விலை" என்ற தொடரில் குறைந்தது கிருஷ்ணகிரியா, மாங்கன்றா, விலையா? ஆங்கிலம் போன்ற மொழிகளில் திணிப்பு சலிப்பைத் தருகிறது. தமிழில் அது சலிப்போடு நிற்பதில்லை, பொருளையே அழித்துவிடுகிறது.

தேடுசொல்லை உருபோடு எழுதினால் கூகுளுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. என் அனுபவத்தில் அந்த அச்சம் தேவையற்றது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், நான் கவனித்து வரும் தளங்களின் கணக்கில், ஒரு பக்கம் எந்தெந்தத் தேடல்களுக்குக் காட்டப்பட்டது என்ற பட்டியலைப் பார்க்கிறேன். பக்கத்தில் அந்த வடிவத்திலேயே இல்லாத தொடர்களும், ஆங்கில எழுத்தில் தட்டப்பட்ட தமிழும், எழுத்துப்பிழையோடு தேடியவையும் அதில் வரிசையாக வருகின்றன. பெயர்ச்சொல் இரண்டு மூன்று இடங்களில் இயல்பான வடிவத்தில் இருந்தால் போதும்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். கூறியது கூறல் என்பதை நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாக நன்னூல் சேர்த்திருக்கிறது; மிகைபடக் கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் நின்று பயன் இன்மையும் அதே பட்டியலில் இருக்கின்றன. கல்லூரியில் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, ஒரு நாள் வலைத்தளப் பக்கத்தைத் திருத்துவதற்கு இவை உதவும் என்று நினைத்ததில்லை. ஆனால் அதே தமிழில், சொன்ன சொல்லே மீண்டும் வருவதைப் பின்வருநிலையணி என்று அணியாகவும் போற்றியிருக்கிறார்கள். அப்படியானால் எங்கே அது அணி, எங்கே குற்றம்? மீண்டும் வரும் சொல் ஒவ்வொரு முறையும் கருத்தை ஓரடியேனும் முன்னே நகர்த்தினால் அது அணி. நின்ற இடத்திலேயே நின்றால் குற்றம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பெங்களூரா கன்று கூழ் ஆலைக்கு, அல்போன்சா கன்று அப்படியே சாப்பிடும் பழத்துக்கு, நீலம் கன்று பருவத்தின் கடைசி அறுவடைக்கு என்று எழுதும்போது கன்று என்ற சொல் மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் அது வேறொரு செய்தியைக் கொண்டுவருகிறது.

திரும்பத் திரும்பச் சொன்னால்தான் மனத்தில் பதியும் என்று பண்ணைக்காரரும் முதலில் வாதிட்டார். மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒரே அறிவிப்பைக் காலை முதல் மாலை வரை சொல்லிக்கொண்டு போகிறார்களே, அது மட்டும் பலன் தருகிறதே என்றார். நியாயமான கேள்வி அது. ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் கேட்பவர் புதியவர். அறிவிப்பாளர் ஒருவருக்கு ஒரு முறைதான் சொல்கிறார். வலைப்பக்கத்தில் ஒருவரே உட்கார்ந்து மேலிருந்து கீழே படிக்கிறார். அந்த ஆட்டோ ஒரே வீட்டு வாசலில் நின்று 31 முறை அலறினால் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிடுவார். இதைச் சொன்னதும் அவர் தலையசைத்தார்.

அடுத்து நாங்கள் செய்தது மிக எளிய வேலை. ஒரு நோட்டைக் கொடுத்து, பத்து நாட்களுக்கு அழைக்கும் ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வியை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கச் சொன்னேன். அவருடைய மகள் பொறுப்பாக எழுதினாள். அந்த நோட்டுதான் எனக்குக் கிடைத்த தேடுசொல் பட்டியல். எந்தக் கட்டண மென்பொருளும் அதைப்போல ஒன்றைக் கொடுத்திருக்காது. ஏக்கருக்கு எத்தனை கன்று பிடிக்கும்? ஆடியில் நடலாமா, மழை முடிந்து நடலாமா? எத்தனை வருடத்தில் காய்க்கும்? செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று தருவீர்களா? லாரி வாடகை யார் கொடுப்பது? எல்லாவற்றையும்விட அதிகம் பேர் கேட்டது, பெங்களூரா என்று சொல்லி வேறு எதையாவது கொடுத்துவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்பது.

அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு விவசாயியின் நான்கைந்து ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. கன்று சிறிதாக இருக்கும்போது ரகத்தை இலையை வைத்துப் பிரித்தறிவது பழகாத கண்ணுக்கு எளிதன்று. காய்த்த பிறகுதான் தெரியும் என்றால் அதற்குள் நிலமும் நீரும் காலமும் போய்விட்டிருக்கும். ஆகவே ஒட்டுக்குச்சியை எந்தத் தாய்மரத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பண்ணையைப் பற்றிச் சொல்லத்தக்க முதல் செய்தி. அவர் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்த் தாய்மரங்களைக் காட்டினார். கொட்டை முளைத்து வளர்ந்த நாற்றின் தண்டை வெட்டி நடுவில் பிளந்து, அதே பருமனுள்ள குச்சியை இருபுறமும் ஆப்புபோலச் சீவி, பிளவுக்குள் இறக்கி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவதை ஓர் அம்மா எங்கள் எதிரிலேயே செய்துகாட்டினார். கத்தி பட்ட இடத்தில் பால் கசிந்தது. மாம்பிசினின் மணம் விரல்களில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடத்துக்குள் அவர் அடுத்த கன்றுக்குப் போய்விட்டார். இதை எழுதாமல், கிருஷ்ணகிரி மாங்கன்று விலை என்று இரண்டு ஆண்டுகள் எழுதி வைத்திருந்தார்கள்.

புதிய பக்கத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 40 கன்றும், ஐந்துக்கு ஐந்து என்று நெருக்கி நட்டால் சுமார் 160 கன்றும், மூன்றுக்கு இரண்டு என்ற மிக அடர் நடவில் 670-க்கு மேலும் தேவைப்படும் என்று எழுதினேன். குழி மூன்றடி ஆழமும் அதே அகலமும் இருக்க வேண்டும், முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பூங்கொத்தைக் கிள்ளிவிட வேண்டும், ஒட்டுக்குக் கீழே தளிர்த்தால் உடனே நீக்க வேண்டும் என்பவற்றையும் சேர்த்தேன். விலை கன்றின் வயதையும் ரகத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்து மாறும் என்பதால், அந்தப் பருவத்து விலையைத் தேதியோடு ஒரு சிறு அட்டவணையில் போட்டோம். எங்கள் பக்கத்தில் பெங்களூரா என்று சொல்லும் பழத்தைத் தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் வேறு ஊர்களில் சொல்வார்கள். மூன்று பெயரையும் ஒரே வாக்கியத்தில், இவை ஒன்றுதான் என்று விளக்குவதற்காக எழுதினேன். பழைய பக்கத்தின் அடியில் சாம்பல் நிறச் சிறு எழுத்தில் மாங்கன்று, மாங்கன்னு, மாஞ்செடி, மா கன்று, மாமரக்கன்று என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நீக்கினேன். வெளிவிட்ட பிறகு எண்ணிப் பார்த்தபோது, முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்டிருந்த பக்கத்தில் மாங்கன்று என்ற சொல் 9 இடங்களில் இருந்தது. எழுதும்போது நான் எண்ணவில்லை.

இங்கே எதிர்ப்பக்கத்துத் தவற்றையும் சொல்லியாக வேண்டும். திணிக்கக்கூடாது என்று கேட்டவுடன் சிலர் அந்தச் சொல்லையே தொடாமல் எழுத முயல்கிறார்கள். இளம் மாமரம், கனி தரவிருக்கும் சிறு செடி, பசுமைச் செல்வம் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு புதுப்பெயரைத் தேடி ஓடுகிறார்கள். இதுவும் படிப்பவரைக் குழப்புகிறது. மாங்கன்று என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாங்கன்று என்றுதான் சொல்ல வேண்டும். தலைப்பில் அது இருக்கட்டும்; முதல் பத்தியில் இருக்கட்டும்; பொருத்தமான ஓர் உள்தலைப்பில் இருக்கட்டும். அதற்குப் பிறகு அது, இது, கன்று, அவை என்று நாம் வீட்டில் பேசும்போது சொல்வதைப்போலத் தொடர்ந்தால் தமிழ் தானாகவே சீராக ஓடும்.

ஊர்ப் பெயர் அடுக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் மிகப் பரவலாக இருக்கிறது. தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம், ஊத்தங்கரை, பர்கூர், ஓசூர், தேன்கனிக்கோட்டை என்று பக்கத்தின் அடியில் ஒரு பத்தி முழுக்க ஊர்கள். இன்னும் சிலர் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தனிப் பக்கம் செய்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட வாசல் பக்கங்களையும் கூகுள் தன் விதிகளில் தனியாகக் கண்டித்திருக்கிறது. ஓசூருக்கு வாரத்தில் எந்த நாள் வண்டி போகிறது, அரூருக்கு எத்தனை கன்றுக்கு மேல் வாங்கினால் வாடகை இல்லை என்று சொல்ல ஒரு செய்தி இருந்தால் அந்த ஊரின் பெயரைத் தாராளமாக எழுதலாம். சொல்வதற்கு எதுவுமில்லாத ஊரின் பெயர் அந்தப் பக்கத்தில் எதற்கு?

இந்தப் பழக்கத்தால் படிப்பவருக்கு நேரும் இழப்பை நான் ஒகேனக்கல்லில் கண்டேன். என் சித்தி குடும்பத்தார் திருச்சியிலிருந்து இரண்டு வண்டிகளில் வந்திருந்தார்கள். ஒகேனக்கல் பரிசல் கட்டணம் என்ற தொடரை வரிக்கு வரி எழுதியிருந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து தண்ணீர் திறந்து, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடிவிட்டால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை விதித்துவிடும் என்ற ஒரே ஒரு வரி அந்தப் பக்கத்தில் இல்லை. அவர்கள் வந்த நாளில் தடை. கைக்குழந்தையோடு தொங்குபாலத்தின் அருகில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தத் தொடரை எழுதிய இடங்களில் பாதியைக் குறைத்திருந்தாலும், தடையைப் பற்றி எழுத இடம் தாராளமாக இருந்திருக்கும். திணிப்பு தரவரிசையைக் கெடுக்கிறது என்பதைவிட, பதில் நிற்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

கண்ணுக்கு உடனே தெரியாத இடங்களிலும் இதே நோய் இருக்கிறது. பக்கத் தலைப்பில் ஒரே சொல்லை நான்கு முறை கோடு போட்டுப் பிரித்து எழுதினால், கூகுள் அதை ஏற்காமல் தானே வேறு தலைப்பைக் காட்டிவிடக்கூடும். கூகுள் மேப்பில் கடையின் பெயரோடு சிறந்த, மலிவான, கிருஷ்ணகிரி நம்பர் ஒன் என்று சேர்ப்பதும் விதிக்குப் புறம்பானது; பெயர்ப் பலகையில் உள்ள பெயர் எதுவோ அதுதான் அங்கேயும் இருக்க வேண்டும். படங்களுக்கு எழுதும் மாற்று உரையைப் பற்றி எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. அது முதலில் பார்வையற்றவர்களுக்கானது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அந்த உரையைத்தான் அவர்களுக்குச் சொல்கிறது. பழைய பக்கத்தில் 14 படங்கள் இருந்தன; பதினான்குக்கும் மாற்று உரை "கிருஷ்ணகிரி மாங்கன்று விலை" என்பதே. தாய்மரமும் அதுதான், நிழல்வலையும் அதுதான், பண்ணைக்காரரின் முகமும் அதுதான். பார்வையற்ற ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால் அவர் காதில் 14 முறை அதுவே ஒலித்திருக்கும்.

இப்போது யார் எனக்குப் பக்கத்தை அனுப்பினாலும் நான் இரண்டு வேலைகளைச் செய்கிறேன். முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன். மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். பிறகு தேடுசொல் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மறைத்துவிட்டு, மீதியைப் படித்தால் ஏதாவது செய்தி குறைகிறதா என்று பார்க்கிறேன். குறையவில்லை என்றால் அந்த வாக்கியம் போக வேண்டியதுதான். பணம் கொடுப்பவர் சிலர் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. சொல்லை எடுத்தால் கீழே போய்விடுவோம் என்று அஞ்சுகிறார்கள். அவர்களிடம் சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதக் கணக்கைத் திறந்து, பக்கத்தில் அப்படியே இல்லாத தொடர்களுக்கும் அது காட்டப்பட்டிருப்பதைக் காட்டுகிறேன்.

சந்தூர்ப் பக்கம் வெளியாகும் முன் மறுபடியும் அதே மரப்பலகையில் உட்கார்ந்து அவரைப் படிக்கச் சொன்னேன். இந்த முறை அவர் தடுமாறவில்லை. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும் என்ற வரியில் நிறுத்தி, "எவ்ளோ மேலன்னு போடும்மா, நாலு விரல்கடையாவது இருக்கணும்" என்றார். குறித்துக்கொண்டேன். கடைசி வரை படித்துவிட்டு, "நாடாவ அவுக்கணும்னு எழுதலயே" என்றார். எனக்குப் புரியவில்லை. எழுந்து வேலியோரம் அழைத்துப்போய், யாரோ திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருந்த ஒரு கன்றைக் காட்டினார். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடாவை அவிழ்க்காமலே நட்டிருக்கிறார்கள். தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே இறங்கி, அந்த இடம் இடுப்புபோல ஒடுங்கி, மேலே உள்ள இலைகள் வெளிறியிருந்தன. பலர் இதை மறந்துவிடுகிறார்கள், பிறகு கன்று சரியில்லை என்று சொல்கிறார்கள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நான் குனிந்து அதைப் படம் எடுத்தேன். அன்றிரவே நடவைப் பற்றிய பத்தியில் நாடாவைப் பற்றி இரண்டு வரிகளைச் சேர்த்து, படத்தையும் வைத்து, அதன் மாற்று உரையில் இப்படி எழுதினேன்: நடும்போது அவிழ்க்காமல் விட்ட ஒட்டு நாடா, தண்டை அறுத்து உள்ளே இறங்கியிருக்கும் இரண்டு வயதுக் கன்று.